கடை முன்னால் ரோடு வேலை: அரசு எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது?

வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் சொந்தக் கடை, உணவகம், மோட்டல் நடத்தும் வாசகர்களிடமிருந்து ரோடு விரிவாக்கம் பற்றிக் கேள்விகள் வந்துகொண்டே இருப்பதால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். பெயர்களைப் போடவில்லை. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் ஊருக்குப் பதில் மாநிலத்தை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

டெக்சஸ் வாசகர்: நெடுஞ்சாலை ஓரமாகச் சொந்த நிலத்தில் கேஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிறேன். ரோட்டை அகலப்படுத்தி, மேலே தூக்கிக் கட்டப்போகிறார்களாம். என் நிலத்தின் முன்பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் எடுக்கிறார்கள், அதற்கு விலை சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. எனக்குக் கவலை அந்தத் துண்டைப் பற்றியே இல்லை. ரோடு மேலே போய்விட்டால் கடை யார் கண்ணிலும் படாது. இருக்கும் இரண்டு டிரைவ்வேயில் ஒன்றும் போகிறது. வியாபார நஷ்டத்தையும் சேர்த்துக் கேட்க முடியுமா?

'வியாபாரம் குறையும், அதைக் கொடுங்கள்' என்று கேட்டால் கிடைக்காது. 'என் மிச்ச நிலத்தின் விலை குறைகிறது, அதைக் கொடுங்கள்' என்று கேட்டால் ஓரளவு கிடைக்கும். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம், ஆனால் நீதிமன்றத்தில் மொத்த வழக்கும் இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தம், பொதுப் பயனுக்காகத் தனியார் சொத்தை எடுத்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்கிறது. சொத்து என்றால் நிலம், கட்டடம், அவற்றோடு சேர்ந்த உரிமைகள். கடையின் லாபம் அந்தக் கணக்கில் வராது. முதல் உலகப் போர் சமயத்தில் மேரிலாந்தில் ராணுவச் சோதனைத் தளத்துக்காக நிலம் எடுத்தபோது, அங்கே ஒரு குறிப்பிட்ட ரகச் சோளத்தைப் பயிரிட்டு டப்பாவில் அடைத்து விற்றுக்கொண்டிருந்த குடும்பத்துக்கு, அந்த ரகத்துக்கு ஏற்ற வேறு நிலம் கிடைக்காமல் தொழிலே போய்விட்டது. நிலத்துக்குப் பணம் கிடைத்தது, தொழில் போனதற்கு ஒன்றும் இல்லை என்று 1925-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றுவரை பொது விதி அதுதான். மாநிலச் சட்டம் தனியாக ஏதாவது கொடுத்தால்தான் உண்டு.

ஆனால் உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது, உங்கள் நிலத்தில் ஒரு துண்டை எடுக்கிறார்கள். ஒரு அங்குலம்கூட எடுக்காமல் ரோட்டை மட்டும் உயர்த்தியிருந்தால் உங்கள் நிலைமை இன்னும் மோசம். துண்டு எடுத்தால், அந்தத் துண்டின் விலையோடு, மிச்ச நிலத்தின் மதிப்பு எடுப்பதற்கு முன் எவ்வளவு, எடுத்த பின் எவ்வளவு என்ற வித்தியாசத்தையும் கேட்கலாம். எடுப்பவர்கள் சும்மா இருப்பார்களா, அந்த வித்தியாசத்தில் எதையெல்லாம் சேர்க்கக் கூடாது என்றுதான் அவர்கள் சண்டை போடுவார்கள்.

டெக்சஸில் அந்தச் சண்டையில் பாதியை அவர்கள் ஏற்கெனவே ஜெயித்துவிட்டார்கள். ஆஸ்டினில் 183-ஆம் நெடுஞ்சாலையை உயர்த்தியபோது எழுந்த வழக்கில், கடை கண்ணுக்குத் தெரியாமல் போவது, போக்குவரத்து வேறு பக்கம் திரும்புவது, வாடிக்கையாளர் சுற்றி வர வேண்டியிருப்பது, கட்டுமானக் காலத்துத் தொந்தரவு, இவை நான்குக்கும் பணம் இல்லை என்று 1993-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலம் கொடுக்காத பக்கத்துக் கடைக்காரனுக்கும் இதே கஷ்டம்தானே, அவனுக்குத் தராததை ஒரு துண்டு கொடுத்தவருக்கு மட்டும் ஏன் தர வேண்டும் என்பது நீதிமன்றத்தின் வாதம். இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துக் கடைக்காரனுக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்று முடிப்பதற்குப் பதில் யாருக்கும் கிடையாது என்று முடித்ததுதான் எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

எல்லா மாநிலமும் இப்படி இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1992-இல், மினசோட்டா உச்ச நீதிமன்றம், நிலத்தில் ஒரு பகுதியை எடுக்கும்போது கடை தெரியாமல் போவதையும் கட்டுமானக் காலத்து இடைஞ்சலையும் மிச்ச நிலத்தின் விலையைக் குறைக்கும் காரணங்களாகக் கணக்கில் எடுக்கலாம் என்றது. தனித் தலைப்பில் பணம் இல்லை, ஆனால் விலைக்கு வாங்குபவன் மனத்தில் என்ன ஓடுமோ அதை மறைக்க வேண்டியதில்லை. யூட்டாவில் கதை இன்னும் சுவாரசியம். ஒரு ஆர்பிஸ் உணவகத்தின் முன்னால் நெடுஞ்சாலையை உயர்த்திய வழக்கில் 2007-இல் கடை ரோட்டிலிருந்து தெரிவது பாதுகாக்கப்பட்ட உரிமையே இல்லை என்ற அதே நீதிமன்றம், 2011-இல் வேறொரு வழக்கில் அதை மாற்றிக்கொண்டு, நிலத்தின் ஒரு பகுதியை எடுத்தால் மிச்சத்தின் சந்தை விலை எவ்வளவு விழுந்ததோ அவ்வளவும் தர வேண்டும், தெரியாமல் போனதும் அதில் அடக்கம் என்றது. நான்கே வருடம். அதனால் வேறு மாநிலத்து நண்பர் 'எனக்குக் கிடைத்தது' என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு டெக்சஸில் வழக்கை நடத்தாதீர்கள்.

இப்போது உங்கள் டிரைவ்வேக்கு வருவோம். 2011-இல் டெக்சஸ் சொத்துச் சட்டத்தில் செய்த திருத்தப்படி, மிச்ச நிலத்துக்கு ரோட்டிலிருந்து நேராக உள்ளே வந்து வெளியே போகும் வழி குறிப்பிடத்தக்க அளவு கெட்டு அதனால் விலை விழுந்தால், அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். சுற்றி வருவதும் போக்குவரத்து திரும்பிப்போவதும் அதில் சேராது என்று அதே பிரிவு அழுத்திச் சொல்கிறது. இரண்டு டிரைவ்வேயில் ஒன்று போனால் 'ஒன்று இருக்கிறதே, போதும்' என்பார்கள். கார் வந்து போவதை வைத்து மட்டும் வாதாடினால் அவர்கள் சொல்வது எடுபடும். நீங்கள் பார்க்க வேண்டியது பெட்ரோல் கொண்டுவரும் டேங்கர் லாரியை. மிச்சமிருக்கும் ஒரே வழியில் அது உள்ளே நுழைந்து, இறக்கிவிட்டு, பின்னோக்கிப் போகாமல் வெளியே திரும்ப முடியுமா? பம்புக்கும் புது எல்லைக்கும் இடையே நகர விதிப்படி இருக்க வேண்டிய இடைவெளி இருக்குமா? இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் அந்த இடம் கேஸ் ஸ்டேஷனாக இருக்கவே லாயக்கில்லாமல் போகலாம், அப்போது துண்டின் விலையைப் போலப் பல மடங்கில் பேச்சு நடக்கும். பம்பையும் நிலத்தடித் தொட்டியையும் போர்டையும் நகர்த்தினால் சரியாகிவிடும் என்றால் அதற்கான செலவைக் கேட்கலாம். இதை வரைபடமாகப் போட்டுக் கொடுக்க ஒரு சிவில் இன்ஜினீயர் வேண்டும், வாய்ச்சொல் போதாது.

கடைசியாகத் தேதிகள். முதல் விலை சொன்னதிலிருந்து 30 நாள் கழித்துத்தான் இறுதி விலை சொல்ல முடியும், அதை யோசிக்க உங்களுக்குக் குறைந்தது 14 நாள். ஒத்துவராவிட்டால் நீதிபதி நியமிக்கும் மூன்று நில உரிமையாளர்கள் கேட்டு ஒரு தொகை சொல்வார்கள். அது பிடிக்கவில்லையென்றால், அவர்கள் முடிவைத் தாக்கல் செய்த 20-ஆவது நாளுக்கு அடுத்து வரும் முதல் திங்கள்கிழமைக்குள் ஆட்சேபம் போட வேண்டும். விட்டால் போச்சு. நீதிமன்றத்தில் கட்டிய பணத்தை எடுத்துக்கொண்டே தொகை போதாது என்று வழக்கை நடத்தலாம், அதில் தப்பில்லை. நிலத்தை எடுப்பதே தவறு என்று வாதாடுவதாக இருந்தால் மட்டும் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

ஓர் வாசகி, மாநிலம் குறிப்பிடவில்லை: எங்கள் நிலத்தைத் தொடவில்லை. கடைக்கு எதிரே ரோட்டு நடுவில் மீடியன் கட்டி இடது பக்கம் திரும்புவதை அடைத்துவிட்டார்கள். எதிர்ப்பக்கத்து வாடிக்கையாளர் வருவதே நின்றுவிட்டது. நஷ்டஈடு?

பெரும்பாலும் இல்லை. போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது அரசின் காவல் அதிகாரம் (பொது நலனுக்காக விதி போடும் அதிகாரம்), எமினென்ட் டொமைன் (பொதுப் பயனுக்காகச் சொத்தை எடுக்கும் அதிகாரம்) இல்லை, அதனால் இழப்பீட்டுப் பேச்சே எழாது என்று ஏறக்குறைய எல்லா மாநில நீதிமன்றங்களும் சொல்லும். ரோட்டுக்கு வரும் உரிமை உங்களுக்கு உண்டு, அந்த ரோட்டில் எந்தப் பக்கத்து வண்டி எப்படித் திரும்பலாம் என்பதில் உங்களுக்கு உரிமை இல்லை.

கட்டிய பிறகு செய்யக்கூடியது குறைவு. மீடியன் வேலைக்கு முன்பு பொதுக் கூட்டம் வைப்பார்கள், வரைபடத்தை வைத்து வரிசையாக மேஜை போட்டிருப்பார்கள், பாதி நாற்காலி காலியாக இருக்கும். அங்கே போய், உங்கள் டெலிவரி லாரி எந்த வழியாக வரும் என்று காட்டி, மீடியனில் ஒரு திறப்போ பக்கத்திலேயே யு-டர்ன் இடமோ கேட்டால் வடிவமைப்பு மாறிய சந்தர்ப்பங்கள் உண்டு. வழக்கில் கிடைக்காதது அங்கே கிடைக்கும். தனியாகப் போகாமல் அந்தத் தெருக் கடைக்காரர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.

கலிபோர்னியா வாசகர்: வாடகை இடத்தில் தென்னிந்திய உணவகம் நடத்துகிறேன். நிலம் எடுக்கும் நோட்டீஸ் கட்டட உரிமையாளருக்கு மட்டும் வந்தது. பணம் முழுக்க அவருக்கே என்கிறார். எனக்கு ஒன்றும் இல்லையா?

முதலில் லீஸை எடுங்கள். அதில் நிலம் எடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்று ஒரு பத்தி பெரும்பாலும் இருக்கும், கையெழுத்துப் போடும்போது யாரும் படிக்காத பத்தி. எடுத்த அன்றே லீஸ் முடிந்துவிடும், இழப்பீடு முழுவதும் உரிமையாளருக்கு என்று அதில் இருந்தால், நிலம் கட்டடம் சம்பந்தமான பணத்தில் உங்கள் பங்கு கஷ்டம். அப்படி இல்லையென்றால், நீங்கள் கொடுக்கும் வாடகை சந்தை வாடகையைவிடக் குறைவாக இருந்து லீஸ் இன்னும் பல வருடம் மிச்சமிருந்தால் அந்த வித்தியாசத்துக்கு ஒரு மதிப்பு உண்டு.

ஆனால் நீங்கள் இருப்பது கலிபோர்னியா. 1970-களில் கொண்டுவந்த சட்டப்படி எடுக்கப்படும் இடத்திலோ அதன் மிச்சத்திலோ நடக்கும் வியாபாரத்தின் குட்வில் போனால் அதற்கு வியாபாரத்தின் உரிமையாளருக்கே பணம் உண்டு. வாடகைக்கு இருப்பவரும் கேட்கலாம். இடம், பெயர், தரம், இவற்றால் பழைய வாடிக்கையாளர் தொடர்ந்து வருவதும் புதியவர் வருவதும்தான் அங்கே குட்வில். நிரூபிக்க வேண்டியது நீங்கள்: நஷ்டம் இந்த எடுப்பால் வந்தது, வேறு இடத்துக்கு மாறியோ நியாயமான முயற்சி செய்தோ அதைத் தடுத்திருக்க முடியாது, இதே பணத்தை வேறு தலைப்பில் வாங்கவில்லை. இரண்டாவதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். பக்கத்துத் தெருவில் இடம் பார்க்காமலே கடையை மூடிவிட்டு முழு குட்வில்லும் கேட்டால் யாரும் தர மாட்டார்கள், எங்கெல்லாம் தேடினீர்கள், என்ன வாடகை சொன்னார்கள், ஏன் ஒத்துவரவில்லை என்பதை எழுதி வையுங்கள்.

லீஸில் 'எல்லாப் பணமும் உரிமையாளருக்கு' என்று இருந்தால் அது குட்வில்லையும் விழுங்குகிறதா என்பது அந்த வார்த்தைகளைப் பொறுத்தது. இதை ஒரு அட்டர்னியிடம் காட்டாமல் முடிவெடுக்காதீர்கள். அடுத்த லீஸில் குட்வில்லும் இடம் மாறும் செலவும் வாடகைதாரருக்கு என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான உரிமையாளர்கள் மறுக்க மாட்டார்கள், அவர்களுக்கு அது எப்படியும் வராத பணம்.

அதே மாநிலத்திலிருந்து இன்னொருவர்: நகராட்சி நட்ட மரங்கள் என் போர்டை மறைக்கின்றன. இது எடுப்பு ஆகாதா?

ஆகாது. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் பக்கம் நகராட்சி பனை மரங்கள் நட்டு ஒரு விளம்பரக் கம்பெனியின் பெரிய போர்டுகளை மறைத்தது. ரோட்டிலிருந்து பார்க்கப்படும் உரிமை என்று தனியாக ஒன்றும் இல்லை என்று 2006-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே கலிபோர்னியாவில் 1943-இல் நிலத்தில் ஒரு பகுதியை எடுத்த வழக்கில் வழி கெட்டதற்கும் பார்வை மறைந்ததற்கும் பணம் கிடைத்தது. நிலம் எடுத்தார்களா இல்லையா என்ற ஒரு கேள்வி இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரத்தை வைக்கிறது பாருங்கள். மரத்தை வெட்டச் சொல்லி மனு கொடுங்கள், அது மலிவு.

ஃபுளோரிடா வாசகர்: மோட்டலின் முன்பக்கப் பார்க்கிங் பாதி போகிறது. இங்கே வியாபார நஷ்டமே தருவார்கள் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான், நிபந்தனைகளோடு. ரோட்டுக்காக நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க வேண்டும், முழுவதும் எடுத்தால் இது இல்லை. அந்த இடத்தில் வியாபாரம் ஐந்து வருடத்துக்கு மேல் நடந்திருக்க வேண்டும். நஷ்டம் எடுத்த நிலம் இல்லாமல் போனதால் வந்ததாக இருக்க வேண்டும், ரோட்டில் கூட்டம் குறைந்ததால் வந்தது சேராது. பார்க்கிங் போவதால் இத்தனை அறை நிரப்ப முடியாது என்று நேராகக் காட்டலாம் என்பதால் உங்கள் வழக்கு நல்ல வழக்கு. நோட்டீஸ் வந்தபின் நஷ்டக் கணக்கைக் கணக்குப் புத்தகங்களோடு அனுப்ப ஒரு கெடு உண்டு, கடிதத்தில் அந்தத் தேதியைத் தேடி வட்டம் போடுங்கள்.

அட்டர்னி செலவைப் பற்றியும் பயப்பட வேண்டாம். ஃபுளோரிடாவில் எடுப்பவரே கட்ட வேண்டும், நீங்கள் அட்டர்னியை அமர்த்தும் முன் அவர் எழுத்தில் சொன்ன கடைசித் தொகைக்கு மேல் அட்டர்னி எவ்வளவு வாங்கித் தந்தாரோ அதில் சதவீதமாக: முதல் 2,50,000 டாலருக்கு 33, அடுத்து பத்து லட்சம் வரை 25, அதற்கு மேல் 20. இதனால் அட்டர்னி சேருவதற்கு முன்பே தொகையைப் பேசி ஏற்றிவிட்டால் அவருக்குக் கிடைக்கும் பங்கு குறைந்துவிடும், சீக்கிரமே கூப்பிடுங்கள்.

இனி பொதுவான கேள்விகள். வேலை நடக்கும் ஒன்றரை வருடம் தூசி, தடுப்பு, டிரம் வைத்து அடைப்பு. அந்தக் காலத்து நஷ்டத்துக்கு?

மினசோட்டா போன்ற சில இடங்கள் தவிர மிகக் கஷ்டம். உங்கள் நிலத்தில் வேலைக்காகத் தற்காலிகமாக இடம் கேட்டால் மட்டும் தனிக் கணக்கு, அதற்கு வாடகை மதிப்பு உண்டு. அந்த ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் என்று தேதி போட்டு வாங்குங்கள், 'திட்டம் முடியும் வரை' என்று எழுத விடாதீர்கள். வியாபார நேரத்தில் ஒரு டிரைவ்வேயாவது திறந்திருக்க வேண்டும், 'கடை திறந்திருக்கிறது, வழி இந்தப் பக்கம்' என்ற நீலப் பலகை வைக்க வேண்டும் என்பதைக் காண்ட்ராக்டரின் வேலைத் திட்டத்திலேயே எழுதச் சொல்லி வாங்கலாம். ரோடு துறைக்கு இது பெரிய செலவில்லாததால் சுலபமாக ஒத்துக்கொள்வார்கள்.

நிலத்துக்கு மதிப்புப் போடும் அப்ரைசர் வரப்போகிறார். உள்ளே விடலாமா?

விடுங்கள், கூடவே நடங்கள். மத்திய அரசுப் பணம் கலந்த திட்டமென்றால், 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்ரைசரோடு வரும் வாய்ப்பை உங்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும், துறை ஏற்றுக்கொண்ட அப்ரைசல் விலைக்குக் குறைவாக எடுப்பவர்கள் கேட்கவும் கூடாது. டிரைவ்வே பர்மிட் இருந்தால் நகலைக் கையில் கொடுங்கள், பர்மிட் இல்லாத டிரைவ்வேக்குப் பிறகு பணம் கேட்பது பெரிய தலைவலி. கழிவுநீர்த் தொட்டி, சொட்டுநீர்க் குழாய், போர்டுக்குப் போகும் மண்ணுக்கடி ஒயர், லாரி திரும்பும் இடம், இதெல்லாம் வரைபடத்தில் இருக்காது, காலால் நடந்து காட்டினால்தான் தெரியும். வேலை தொடங்கும் முன்பே, ரோட்டில் இரண்டு திசையிலிருந்தும் ஓட்டுநர் கண் உயரத்தில் கடை எங்கிருந்து தெரிய ஆரம்பிக்கிறது என்று வீடியோ எடுத்து வையுங்கள். என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டால் மட்டும் பதில் சொல்லாதீர்கள்.

கலிபோர்னியாவில் இருந்தால், உங்கள் சொந்த அப்ரைசருக்கான செலவில் 5,000 டாலர் வரை எடுப்பவரே தர வேண்டும். பலர் கேட்பதே இல்லை.

வந்த பணத்துக்கு உடனே வரி கட்ட வேண்டுமா?

வியாபாரத்துக்கோ முதலீட்டுக்கோ வைத்திருந்த நிலமென்றால், லாபம் கைக்கு வந்த வரி ஆண்டு முடிந்து மூன்று வருடத்துக்குள் அதே மாதிரி சொத்து வாங்கினால் வரியைத் தள்ளிப்போடலாம், வருமான வரிச் சட்டத்தின் 1033-ஆம் பிரிவு. மிச்ச நிலத்துக்காக வந்த நஷ்டஈட்டை நிலத்தின் விலையோடு கலக்காமல் தனியாகக் காட்ட வேண்டும், அதற்கு ஒப்பந்தத்திலேயே இரண்டு தொகையும் தனித்தனியாக இருக்க வேண்டும். மொத்தமாக ஒரே எண்ணாக எழுதிக் கையெழுத்து வாங்கத்தான் பார்ப்பார்கள், பேனாவை எடுக்கும் முன் உங்கள் சிபிஏவுக்கு (கணக்காளருக்கு) ஒரு போன் போட்டுவிடுங்கள்.